தாடி வைத்த காக்கை

என் தம்பியின் கருமாதிக்குக் காக்கை வரவில்லை. இது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பதினாறாம் நாள் காலையில் ஆற்றங்கரையில் வாழையிலை போட்டுப் பிண்டம் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நின்றோம். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் காக்கைக்குப் பஞ்சம் கிடையாது. குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் குப்பைப் பையைக் கட்டாமல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் நாற்பது வந்து நிற்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை. எதிர்க்கரை மரத்தில் இரண்டு உட்கார்ந்திருந்தன. எங்களைப் பார்த்தன. வரவில்லை. காரியம் செய்து வைத்த பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அன்று பத்து காஜா என்ற ஊரில் இன்னொரு வீட்டுக் காரியம் இருந்தது.

"ஆத்துல விட்டுருங்கண்ணே. மீன் சாப்ட்டாலும் சரிதான்," என்றார்.

விட்டோம். மீன் சாப்பிட்டதா என்று தெரியாது. தண்ணீர், பால் கலந்து ஆற்றிய தேத்தாரே டீயின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் இருந்த உறவுக்காரர், "ஏதோ மனக்கொற இருக்குலா. இல்லாட்டி வந்திருக்கும்," என்றார்.  செத்தவர் மனத்தில் குறை இருந்தால் காக்கை சோற்றைத் தொடாது. எங்களில் இது யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. என்ன குறை என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. காரில் அதை நான் சொல்லவில்லை.

நானும் தம்பியும் கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. நான் கிலாங்கில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்று ஈப்போவுக்கு வந்துவிட்டேன். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை பார்த்தான். வாசலில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். சாப்பாட்டில் பாகற்காயைத் தவிர எதையும் ஒதுக்க மாட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு பழக்கம். யாரோ விற்ற கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தான். முன்னால் நீளமாக ஒரு லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகளுக்குப் போய்விடுவான். மத்தியானம் திரும்பி வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

"அண்ணே, இதப் பாரேன்."

"அப்பறம் பாக்குறேன்லா."

அந்த 'அப்புறம்' பதினோரு வருடம் ஓடியது.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை. நான் சாமி மேடையில் பூ மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்று கேமராவை நீட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி கும்புட்ற நேரத்துலயும் இதானா? காக்காயயும் கொக்கயும் பாத்துக்கிட்டே இரு, நல்லா வருவ," என்றேன். அவன், "சரிண்ணே," என்றான். அதற்குப் பிறகு என்னிடம் கேமராவை நீட்டவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டையோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனர்தான் போன் செய்தார். கேமரா கழுத்திலேயே தொங்கியது.

குறை இதுதான். வருத்தமாக இருக்கிறது என்று அவன் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். "சரிண்ணே" என்றுதானே சொன்னான்.

எங்கள் மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். நான், என் மனைவி, தம்பி மூன்று பேரையும் வரச்சொல்லிப் பல தடவை கூப்பிட்டிருந்தாள். தம்பிக்குப் போக ஆசை. அதற்காக ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தான். மேலே, 'அந்த மண்ணின் பறவைகள் மட்டும்' என்று அடிக்கோடு போட்டிருந்தான். கீழே பன்னிரண்டு பறவைகள். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதி, எதிரே தன் பாணியில் அடையாளம் குறித்திருந்தான். ரோஜாப்பூ நிறத்தில் நெஞ்சு உள்ள கிளி. கறுப்பு அன்னம், நிஜமாகவே கறுப்பு. பன்னிரண்டாவது: தாடி வைத்த காக்கை, கண் வெள்ளை, குரல் பிள்ளை அழுவது போல்.

அவன் போய் ஒரு வருடம் ஆகும் நேரத்தில் மகள் டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். தலைத்திதி நாங்கள் அங்கே இருக்கும் நாளில் விழுந்தது. மனைவி, "அங்க காக்கா இருக்குமா?" என்றாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பன்னிரண்டாவதைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "தாடியா?" என்றாள்.

கேமராவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். அவன் எடுக்க முடியாத பன்னிரண்டையும் எடுத்துக்கொடுத்துவிட்டால் மனம் ஆறுவான், திதியன்று காக்கை சாப்பிடும் என்பது என் யோசனை. கேமராவை அதற்குமுன் நான் தொட்டதில்லை. அதில் இருந்த அவன் படங்களையும் பார்க்கவில்லை. ஒரு வருடம் பின்னறை அலமாரியில் இருந்தது. தினமும் அதற்கும் சேர்த்து விபூதி பூசினேன், திறக்கவில்லை. தைரியம் வரவில்லை.

பெர்த் விமான நிலையத்தில் அதிகாரி என் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். நான் என் நெற்றியைக் காட்டினேன். விட்டுவிட்டார்.

முதல் நாள் காலையில் மனைவி என்னை எழுப்பினாள். "யாரு ஊட்டுப் பிள்ளங்க இப்பிடி அழுவுது? எடுக்க ஆளில்லயா?"

சன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கூரைமேல் ஒரு காக்கை. எங்கள் ஊர்க் காக்கையைவிட ஒரு சுற்றுப் பெரியது. முழுக்க எண்ணெய்க் கறுப்பு. தொண்டையில் இறகு தொங்கியது. அழுது முடித்து வெள்ளைக் கண்ணால் என்னைப் பார்த்தது. தம்பி எழுதியதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

மகள் வந்து பார்த்து, "இங்க எல்லாரும் காக்கான்னுதான் சொல்வாங்க. சரியாச் சொன்னா அது வேற இனம், ரேவன்பா," என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பாவை நினைத்து நான் பின்மதிலில் சோறு வைப்பேன். அப்படி வைத்துக்கொண்டிருந்தபோது, "அண்ணே, இந்தக் காக்காயும் நம்ம மாதிரிதான் தெரியுமா? தோட்டத்துல புழு திங்க இந்தியா, சிலோன் பக்கத்துலேர்ந்து கப்பல்ல கொண்டாந்து உட்டது. இங்கயே தங்கிருச்சி," என்றான். அன்றைக்கு நான், "சோறு வைக்கிற எடத்துல கத பேசாத," என்றுவிட்டேன். இப்போது யோசித்தேன். நம்மோடு கப்பலில் வந்த காக்கைக்கு நம் வழக்கம் தெரியும். இது இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது. இது கொண்டுபோய்ச் சேர்க்குமா?

ஈப்போவில் இருந்த பண்டாரத்துக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். குரல் செய்தி அனுப்பினார். பின்னால் உருமி மேளம் கேட்டது. "கறுப்பா இருந்தா போதும்ணே."

அடுத்த தொல்லை கேமராவுக்குள் இருந்தது. திரையின் மூலையில் 14 என்று ஒரு எண். மகள் பார்த்துவிட்டு, "கார்டு ரொம்பிருச்சிப்பா. சித்தப்பா படம் ஆயிரத்துக்கு மேல இருக்கு. இன்னும் பதினாலுதான் எடுக்கலாம். வேற கார்டு வாங்கிக்கலாம்," என்றாள்.

"வேணாம். அவன் கார்டுலதான் எடுக்கணும்."

"ஏன்பா?"

"அவன் எடுக்க வேண்டியது. அவன் கார்டுல இருக்கணும்."

அவள் தாயைப் பார்த்தாள். தாய், "உங்க அப்பா அப்பிடித்தான், உடு," என்றாள். மகள் எனக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தாள். எடுப்பதற்கு இது. பார்ப்பதற்கு இது. சரியாக வராததை அழிப்பதற்குக் குப்பைத்தொட்டிப் படம் போட்ட இந்தப் பொத்தான். "ஒரு தடவதான்பா அமுத்தணும். பாத்து அமுத்துங்க. சித்தப்பாது போயிரப் போவுது." அன்றிலிருந்து அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் என் விரல் போனாலே முருகா என்று சொல்லிவிட்டுத்தான் போகும்.

பன்னிரண்டு பறவைகளுக்குப் பதினான்கு படம். நான் கணக்காக இருந்தேன். பறவைகள்தான் இல்லை.

கறுப்பு அன்னம் ஏரியில் கிடைத்தது. சரஸ்வதி தாயாரின் பக்கத்தில் வெள்ளை அன்னத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இது அட்டக் கறுப்பு, அலகு மட்டும் குங்குமம் வைத்ததுபோல் சிவப்பு. எந்த நிறமாக இருந்தாலும் அன்னம் அன்னம்தானே. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன். புல் ஈரமாக இருந்தது. படத்தில் கழுத்து வரவில்லை.

ரோஜா நெஞ்சுக் கிளிகள் ஒரு பந்துத் திடலில் புல் மேய்ந்துகொண்டிருந்தன, ஆடுகள்போல. முப்பது இருக்கும். முப்பதின் முதுகும் ஒரே படத்தில் வந்தது. ரோஜா எதிர்ப்பக்கம் இருந்தது.

மகள் இரண்டு நாள் லீவு போட்டுக் காரில் தெற்கே காட்டுப் பக்கம் அழைத்துப்போனாள். அங்கே பட்டியலில் ஏழாவது, கட்டைவிரல் அளவு நீலக் குருவி. அப்படி ஒரு நீலத்தை நான் முருகன் கோயில் மயில் கழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான்கு தடவை எடுத்து மூன்றை அழித்தேன். நான்காவதில் குருவி இருந்த கிளை மிகத் தெளிவாக வந்தது.

அதே காட்டில் ஒரு தடித்த பறவை தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, மனிதனைப்போல் வாய்விட்டுச் சிரித்தது. அதுதான் எடுப்பதற்குச் சுலபமாக இருந்தது. மகள் அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு, "இது இந்தப் பக்கத்துப் பறவ இல்லப்பா. கெழக்கேருந்து கொண்டாந்து உட்டதாம்," என்றாள். அந்த மண்ணின் பறவைகள் மட்டும் என்று தம்பி அடிக்கோடு போட்டிருக்கிறான். கேமராவை மூடினேன். அது இன்னொரு தடவை சிரித்தது.

இப்படிப் பதினொன்றும் முடிந்தன. வால், முதுகு, கிளை, தண்ணீரில் வட்டம், ஏதோ ஒரு விதத்தில் பதினொன்றும் கார்டில் இருந்தன. இரண்டு பறவைகளுக்கு அழிக்க மனம் வராமல் இரண்டிரண்டு படம் வைத்துக்கொண்டதில், மூலையில் இருந்த எண் 1 ஆகிவிட்டது. அந்த ஒன்றைத் தாடிக் காக்கைக்காக வைத்திருந்தேன். அது தினமும் கூரைமேல் அழும். ஆனால் திதியன்று, சாப்பிடும்போது எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரில் காரில் வந்த உறவுக்காரருக்கு அந்தப் படத்தை அனுப்பவும் நினைத்திருந்தேன். அது நல்ல எண்ணம் இல்லை. ஆனாலும் நினைத்திருந்தேன்.

திதியன்று மனைவி காலை ஐந்துக்கே எழுந்து சமைத்தாள். சோறு, சாம்பார், வடை, பாயசம், உருளைக்கிழங்கு, பாகற்காய்.

"அவனுக்குப் பாகக்கா பிடிக்காதே," என்றேன்.

"படையல்னா பாகக்கா இருக்கணும்."

"உசிரோட இருக்கும்போதே தொட மாட்டான். இப்பவா தொடப்போறான்?"

"நீங்க வெளக்க ஏத்துங்க."

அவன் படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, கற்பூரம் காட்டினோம். ஒரு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பின்தோட்டத்துப் புல்லில் வைத்தேன். மணி பதினொன்றரை. காக்கை சாப்பிடாமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. மனைவிக்கு இனிப்புநீர் வியாதி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டிருந்தாள், பன்னிரண்டுக்குள் சாப்பிட வேண்டும். மகள் தாதி என்பதால் இதை மூன்று முறை சொன்னாள். அதோடு, "இங்க பறவைக்கிச் சோறு போட்டா பக்கத்து வீட்டுக்காரரு ஏதாச்சும் சொல்வாருப்பா," என்றாள்.

"சோறு போடல. திதி."

"அவருக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"காக்காய்க்குத் தெரிஞ்சா போதும்."

முதலில் வந்தது காக்கை இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் மேக்பை. பட்டியலில் நான்காவது, ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாதிரி, அவசரமே இல்லாமல் நடந்து இலையை நோக்கி வந்தது. பாதிதான் கறுப்பு. பண்டாரம் கறுப்பாக இருந்தால் போதும் என்றுதான் சொன்னார், பாதிக் கறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகள் துண்டை வீசி விரட்டினாள். நான்கடி தள்ளி நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேலிமேல் வந்து உட்கார்ந்தது தாடிக் காக்கை. இலையைப் பார்த்தது. இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் அன்று செய்யாததை இன்று செய்ய வேண்டும் என்று மனைவிக்குத் தோன்றிவிட்டது. செத்தவருக்கு என்ன கவலையோ அதை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் காக்கை இறங்கும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தம்பி, சாப்பிடுங்க. ஒங்க ரூம நாங்க யாருக்கும் வாடகைக்கி விட மாட்டோம்," என்றாள். காக்கை தலையைச் சாய்த்தது. இறங்கவில்லை.

மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அவளும், "சித்தப்பா, சாப்பிடுங்க. அம்மாவுக்கு சுகர் எறங்கிரும்," என்றாள். இருபது வருடம் படிக்க வைத்ததும் வீண்போகவில்லை, சித்தப்பாவிடம் பேசவும் தெரிந்திருந்தது.

நான் கேமராவைத் தூக்கி, வேலிமேல் இருந்தபடியே ஒன்று எடுத்துவிட்டேன். இறங்காமல் போய்விட்டால் இதாவது இருக்கட்டும் என்ற பயம். பார்த்தேன். வேலிக் கம்பி தெளிவாக இருந்தது. பின்னால் கறுப்பாக ஒரு மேகம். மூலையில் 0.

முருகா என்று சொல்லி அதை அழித்தேன். எண் திரும்பவும் 1. அந்தப் பதற்றத்தில் அம்புக்குறிப் பொத்தானில் என் கட்டைவிரல் அழுத்தியபடியே இருந்துவிட்டது. படங்கள் பின்னோக்கி ஓடின. என்னுடைய வால், முதுகு, கிளை எல்லாம் போயின. கை எடுத்தபோது திரையில் நின்றது நான் எடுத்த படம் இல்லை. அவ்வளவு தெளிவாக நான் எடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்மதில். மதில்மேல் ஒரு காக்கை, வாயில் சோற்றுப் பருக்கை. ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. காக்கையின் கண்ணுக்குள் வானம்கூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு கை, சோற்றை வைத்துவிட்டு எடுக்கிற கை. விரலில் என் மோதிரம். மேலே முகம் வர வேண்டிய இடத்தோடு படம் முடிந்துவிட்டது. அவன் சன்னலில் இருந்து எடுத்திருக்கிறான். கீழே தேதி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். அமாவாசை.

சாமி மேடையில் என் பின்னால் நின்று அவன் காட்ட வந்தது இதைத்தான்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். காக்கையைப் பார்த்துப் பேசவேண்டும் என்பது அப்போது நினைவில் இல்லை. "டேய், பாக்குறேன்டா. எல்லாத்தயும் பாக்குறேன். அப்பறம்னு சொல்ல மாட்டேன்," என்றேன். மகளும் மனைவியும் நிற்பதும், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நிற்பதும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இறக்கைச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வேலிமேல் எதுவும் இல்லை. இலை ஓரமாகப் புரண்டிருந்தது.

"சாப்ட்டுருச்சிங்க," என்றாள் மனைவி.

"எது?"

"காக்காதான். எறங்கி வந்து நல்லா ரெண்டு வாய் எடுத்துச்சி. வடையத் தூக்கிட்டுப் போயிருச்சி."

மகளைப் பார்த்தேன். "நான் உங்களத்தான்பா பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். மேக்பை இலைக்கு இரண்டடியில் நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் மனைவி முப்பத்து நான்கு வருடத்தில் என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் அன்று மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம், அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இரண்டையும் யோசித்துக்கொண்டே இலையருகே போய்க் குனிந்து பார்த்தேன். சோறு இல்லை. வடை இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. பாகற்காய் மட்டும், வைத்தது வைத்தபடி, நடுவில் இருந்தது.

"சாப்ட்டுருக்கான்," என்றேன். உள்ளே போய்ச் சாப்பிட்டோம்.

உறவுக்காரருக்கு அனுப்பப் படம் இல்லை. கார்டில் இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது குனோங் ராபாட்டில் தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துப் படம் பார்க்கிறேன். சொன்ன வாக்கு. இருநூற்றுச் சொச்சம் முடிந்திருக்கிறது. நூற்று நாற்பது கொக்கு. ஒரே குட்டை, ஒரே கல், ஒரே கால். எனக்கு எல்லாம் ஒரே கொக்காகத்தான் தெரிகிறது. அவனுக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை எடுத்திருக்க மாட்டான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆகவே ஒவ்வொன்றையும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறேன். நேற்று ஒன்றில் கொக்கின் அலகில் ஒரு சின்ன மீன் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடுப்புல வேல இருக்கு, அப்பறம் பாக்குறேன்," என்றாள்.

"இப்பவே பாரு," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.